கிரேன்காரரின் அரை லிட்டர்

அந்தக் கட்டட வேலையில் எல்லோரும் அவரை மேல்வீட்டுக்காரர் என்றுதான் சொல்வார்கள். அறுபது மீட்டர் உயரமுள்ள கிரேனின் உச்சியில், ஒரே ஓர் ஆள் உட்காரக்கூடிய கண்ணாடிக் கூண்டுதான் அவருடைய வேலையிடம். காலை ஏழு மணிக்கு ஏணியில் கால் வைத்தால் மேலே போய்ச் சேர இருபது நிமிடம் ஆகும். மறுபடி தரையைத் தொடுவது சாயங்காலம் ஐந்தரைக்குத்தான். மதியச் சாப்பாடும் கூண்டிலேயே முடிந்துவிடும்.

சிறுநீர் கழிக்க நடுவில் இறங்காமல் இருக்க அவர் கண்டுபிடித்த வழி, தண்ணீர் குடிக்காமல் இருப்பது. ஓர் அரை லிட்டர் பாட்டில் கொண்டுபோவார். சாப்பாட்டுக்கு இரண்டு மடக்கு, வெயில் ஏறும்போது நாக்கை நனைக்க ஒரு மடக்கு. பாதி பாட்டில் திரும்பி வரும். மற்ற கிரேன்காரர்கள் கூடவே ஒரு காலி பாட்டிலும் எடுத்துப்போவது அவருக்குத் தெரியும். அவருக்கு அது ஒத்துவரவில்லை. நாலு பக்கமும் கண்ணாடி. அந்த உயரத்தில் எட்டிப் பார்க்கக் காக்கையைத் தவிர யாருமில்லை என்றாலும் கூச்சம் விடவில்லை. இப்படியே பதினோரு வருடம் ஓட்டிவிட்டார்.

வீட்டிலும் அவர் தனியாள்தான். மகளுக்குக் குழந்தை பிறந்தபோது ஒத்தாசைக்கென்று வேறு ஊருக்குப் போன மனைவி, நாலு வருடமாக அங்கேயே இருக்கிறாள். சண்டை ஒன்றும் இல்லை. முதலில் குழந்தைக்குப் பல் முளைக்கட்டும் என்றாள், பிறகு நடக்கட்டும் என்றாள், பிறகு காரணம் சொல்வதும் நின்றுபோனது. ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் வரும். சாப்பிட்டீர்களா என்று அவள் கேட்பாள், ஆச்சு என்பார். பேத்தி என்ன செய்கிறாள் என்று இவர் கேட்பார். அதற்குமேல் பேச இருவருக்கும் எதுவும் இருக்காது.

நாள் முழுக்க அவர் காதில் விழும் ஒரே மனிதக் குரல் வாக்கிடாக்கியில் கேட்கும் சிக்னல்காரரின் குரல். கீழே நின்று, எதை எங்கே தூக்க வேண்டும், எவ்வளவு இறக்க வேண்டும் என்று சொல்பவர். இரண்டு வருடமாகச் சேர்ந்து வேலை பார்த்தார்கள். மேலிருந்து பார்த்தால் அவர் ஒரு மஞ்சள் ஹெல்மெட். காலையில் இவர் ஏறிய பிறகுதான் அவர் வருவார், சாயங்காலம் இவர் இறங்கி வருவதற்குள் பஸ்ஸைப் பிடிக்கப் போயிருப்பார்.

அன்றைக்குப் பதினொரு மணி இருக்கும். கம்பிக்கட்டு ஒன்றைப் பதினைந்தாம் தளத்துக்குத் தூக்கிக்கொண்டிருந்தபோது, இடுப்புக்குப் பின்னால் யாரோ கத்தியை விட்டுத் திருகுவதுபோல் ஒரு வலி வந்தது. கண் இருட்டியது. கை மட்டும் நெம்புகோலை விடவில்லை. கம்பிக்கட்டுக்குக் கீழே ஆட்கள் நடமாடிக்கொண்டிருந்தார்கள்.

அவர் மூச்சு வாங்குவது வாக்கிடாக்கியில் கேட்டுவிட்டது.

"அண்ணே, என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல. லோடை இறக்கிட்டுச் சொல்றேன்."

அந்த லோடை இறக்க நாலு நிமிடம் ஆனது. சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. கொக்கி காலியானதும்தான், வயிற்றில் ஏதோ கோளாறு, இறங்கப்போகிறேன் என்றார்.

பாதி ஏணியில் வலி மறுபடி வந்தது. கம்பியைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார். கீழிருந்து யாரோ ஏறி வரும் சத்தம் கேட்டது. மஞ்சள் ஹெல்மெட் அவர் கால்மாட்டில் வந்து நின்றது. சிக்னல்காரர் அவருடைய இடது பாதத்தைப் பிடித்து அடுத்த படியில் வைத்தார், பிறகு வலது பாதத்தை. தரைவரைக்கும் அப்படியே கொண்டுவந்தார். வழியில் ஏணி நடுவிலிருந்த ஒரு சின்ன மேடையில் இருவரும் உட்கார்ந்தபோதுதான் கிரேன்காரர் அவர் முகத்தை நெருக்கத்தில் பார்த்தார். குரலை வைத்து ஒல்லியான ஆள் என்று நினைத்திருந்தார். தொந்தியும் தொப்பையுமாக, காதோரம் நரைத்துப்போய், தன்னைவிட அதிகமாக மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார் மனுஷன்.

ஆஸ்பத்திரியில் படிவம் நிரப்பியதும் சிக்னல்காரர்தான். நோயாளிக்கு என்ன உறவு என்ற இடத்தில் பேனா கொஞ்சம் தயங்கியது. பிறகு தம்பி என்று எழுதினார். வீட்டுக்குச் சொல்ல வேண்டாமா என்று நர்ஸ் கேட்டதற்கு, சின்ன விஷயம்தானே, எதற்குக் கலவரப்படுத்த வேண்டும் என்று கிரேன்காரர் சொல்லிவிட்டார்.

சிறுநீரகத்தில் கல். டாக்டரம்மா எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கிறீர்கள் என்று கேட்டார். கால் லிட்டர், வீட்டில் இன்னும் கொஞ்சம் என்றார் இவர். டாக்டரம்மா திட்டவில்லை. பேனாவை மூடி வைத்தார்.

"தாகமே எடுக்காதா உங்களுக்கு?"

"முன்னெல்லாம் எடுக்கும் டாக்டர். இப்ப இல்ல."

"கேட்டுக் கேட்டுப் பாத்துட்டு உடம்பு விட்டுருச்சு. இனிமே அது கேக்கும்னு காத்திருக்காதீங்க. நீங்களாக் குடிக்கணும். மூணு லிட்டர். எல்லாருக்கும் இந்தக் கணக்கு இல்ல. வெயில்ல கண்ணாடிக்குள்ள உக்காந்து வேலை செய்யற உங்களுக்கு."

இரண்டு வாரம் லீவு. ஒற்றை அறையில் காலையில் மூன்று பாட்டில் நிரப்பி ஜன்னலோரம் வைப்பார். முதல் பாட்டில் ஒருவழியாக இறங்கும். இரண்டாவதில் குமட்டும். மூன்றாவதோடு சாயங்காலம் வரை மல்லுக்கட்டுவார். கழிப்பறை நடையின் கோடியில், நாலு வீட்டுக்குப் பொது. பகலில் அந்த நடையில் அவரை யாரும் பார்த்ததில்லை. மூன்றாம் நாள் எதிர்வீட்டு அம்மாள் கதவைத் திறந்து, நீங்கள் இங்கே புதிதாகக் குடிவந்திருக்கிறீர்களா என்று விசாரித்தாள். மூன்று வருடமாக இருக்கிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை. ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் போன் வந்தது. சாப்பிட்டீர்களா என்றாள் மனைவி. ஆச்சு என்றார். பேத்தி பள்ளிக்கூடத்தில் ஆடப்போகிறாளாம். வலியைப் பற்றி வாய்வரைக்கும் வந்தது. வந்தது அப்படியே திரும்பிப் போனது.

கல் விழுந்த பிறகு வேலைக்குத் திரும்பினார். ஏணிக்குப் போகாமல், நேராக இன்ஜினியரின் தகர அறைக்குப் போய் நின்றார். நடுவில் இரண்டு தடவை இறங்க விட வேண்டும் என்று கேட்டார். பதினோரு வருடத்தில் யாரிடமும் எதையும் கேட்டுப் பழக்கமில்லை. இறங்கி ஏற ஒவ்வொரு தடவையும் முக்கால் மணி நேரம் போகுமே, கான்கிரீட் காத்திருக்குமா என்றார் இன்ஜினியர். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

வாசலில் நின்ற சிக்னல்காரர்தான் உள்ளே தலையை நீட்டினார். கிரேனைக் கட்டடத்தோடு இணைத்திருக்கும் இடத்திலிருந்து பதினாறாம் தளத்துக்குக் கைப்பிடி வைத்து ஒரு பலகைப் பாலம் போடலாமே, அந்தத் தளத்தில் ஒரு கழிப்பறைப் பெட்டியை ஏற்றி வைத்தால் போக வர பத்து நிமிடம்தானே என்றார். பெட்டியை அண்ணனே கிரேனில் தூக்கி வைத்துக்கொள்வார் என்றும் சேர்த்துக்கொண்டார். இன்ஜினியர் வரைபடத்தைப் பார்த்தார். இரண்டே நாளில் ஆகிவிடும் என்றார். பிறகு நிமிர்ந்து, வெறும் ஆச்சரியத்தோடு கேட்டார்:

"இத்தனை நாளா ஏன் கேக்கல?"

கிரேன்காரர், பெட்டி எத்தனை கிலோ இருக்கும் என்று விசாரித்தார்.

பாலம் வந்தது. பதினாறாம் தளத்தில் கம்பி கட்டுகிறவர்கள் அவருக்கு வணக்கம் வைத்தார்கள், அவரும் வைத்தார். அதற்குமேல் என்ன பேசுவது என்று தெரியாமல் கூண்டுக்குத் திரும்பிவிடுவார். மூன்று லிட்டர் பழகிவிட்டது. சில நாள் பிற்பகலில் நிஜமாகவே தாகம் எடுத்தது. அது வந்ததும் பழைய ஆள் ஒருவரைத் தெருவில் பார்த்ததுபோல் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். கல், ஏணி, ஆஸ்பத்திரி. இப்போது வலி இருக்கிறதா என்று அவள் இரண்டு தடவை கேட்டாள்.

"கொஞ்ச நாள் வந்து இருந்துட்டுப் போறியா?" என்றார்.

"நீங்க இப்படிக் கூப்பிட்டதே இல்லையே," என்றாள் அவள்.

மாதக் கடைசியில் வந்தாள். ஒன்பது நாள் இருந்தாள். முதல் இரண்டு நாளும் இருவரும் விருந்தாளிகள் மாதிரி ஒருவருக்கொருவர் வழிவிட்டுக்கொண்டு நடமாடினார்கள். மூன்றாம் நாள் அவள், மேலே உட்கார்ந்தால் என்னதான் தெரியும் என்று கேட்டாள். இந்தப் பதினோரு வருடத்தில் அவள் அதைக் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. மழை ஊருக்குள் வருவதற்குப் பத்து நிமிடம் முன்னாலேயே தனக்குத் தெரிந்துவிடும் என்றார். கீழே இருக்கிறவர்களிடம் சொல்வீர்களா என்றாள். சிக்னல்காரரிடம் மட்டும் சொல்வேன் என்றார். அவள் சிரித்தாள்.

பத்தாம் நாள் பஸ் ஏற்றிவிட்டார். பேத்தி தேடுகிறாளாம். உட்கார இடம் கிடைத்ததும் ஜன்னல் வழியாகக் குனிந்து, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றாள். மறுபடி எப்போது வருவாய் என்று கேட்டார்.

"பாக்கலாம்," என்றாள்.

வருவேன் என்றும் அதற்கு அர்த்தம் உண்டு, வரமாட்டேன் என்றும் உண்டு. எது என்று கேட்கலாமா என்று யோசித்தார். பின்னால் நின்ற பஸ் ஹாரன் அடித்தது. கேட்கவில்லை. பஸ் திரும்பும்வரை நின்றுவிட்டு, கடைத்தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு மெதுவாக அறைக்கு நடந்தார்.