தெரிந்த ஆள்

காலேஜில் படிக்கிற பையன்களுக்குப் படிப்பைவிடப் பெரிய மனிதர்களின் கண்ணில் படுவதுதான் முக்கியம் என்பது செஞ்சி வக்கீல் ராமகிருஷ்ணனின் கட்சி. அதற்காகவே பட்டதாரிகள் சங்கம் என்று ஒன்றை நடத்திவந்தார். வருஷத்துக்கு ஒருமுறை சென்னையிலிருந்து ஓர் உத்தியோகஸ்தரைக் கோட்டை பார்க்க அழைப்பார். கோட்டை ஒரு சாக்கு. லீவுக்கு வந்திருக்கும் மாணவர்களை டிராவலர்ஸ் பங்களாவில் நிற்கவைத்து ஒவ்வொருவராக அவருக்கு அறிமுகம் செய்துவைப்பதுதான் காரியம்.

நாற்பத்தாறாம் வருஷக் கோடையில் தனசேகரனும் அங்கே போனான். அனந்தபுரம் சேரியிலிருந்து பி.ஏ. வரைக்கும் போன முதல் ஆள் அவன். அவன் நைனா கலியபெருமாள், ஊர் மிராசுதாரின் நிலத்தில் ஏர் ஓட்டுகிறவர். நாலு பெரிய மனிதர்களுக்குத் தெரிந்தால்தான் உத்தியோகம் என்று யாரோ சொன்னதைப் பிடித்துக்கொண்டு, மகனை விரட்டி விரட்டி அனுப்பிவைத்தார்.

தனசேகரன் சட்டையை வெளுத்துப் போட்டுக்கொண்டு போனான். வக்கீல் அவனை ஏற இறங்கப் பார்த்தார். முகத்தைச் சுளிக்கவில்லை, அந்த அளவுக்கு நாகரிகம் தெரிந்தவர். குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார்:

"நீ வெளிய காராண்ட நில்லுடா தம்பி. உன் பேர நானே சமயம் பாத்துச் சொல்றேன்."

ஜன்னல் திறந்திருந்ததால் உள்ளே நடந்ததெல்லாம் தனசேகரனுக்குத் தெரிந்தது. அதிகாரி கோட்டை மலையை அடிவாரத்திலிருந்தே பார்த்துவிட்டுத் திரும்பியிருந்தார். ஒருவன் அவர்மேல் இங்கிலீஷில் வாழ்த்துப் பா படித்தான். அதில் கோட்டை இருக்கும் இராஜகிரி மலையே அவருக்குத் தலைவணங்கியது. இன்னொருவன் சோடாவை உடைத்துக் கொடுத்துவிட்டு, அவர் குடித்து முடிக்கும்வரை கைகட்டி நின்றான். அதிகாரி எவனையும் என்ன படிக்கிறாய் என்று கேட்கவில்லை. அப்பாவுக்கு எத்தனை காணி நிலம், நஞ்சையா புஞ்சையா என்றுதான் கேட்டார். பதிலைப் பொறுத்து அவர் தலை ஆடுவது கூடியது, குறைந்தது. பொருளாதாரம் படிக்கிற தனசேகரனுக்கு அந்தத் தலையாட்டலே ஒரு பாடமாக இருந்தது. சாப்பாடு முடிந்ததும் அவர் நாற்காலியிலேயே தூங்கிப்போனார். தூங்குகிறவருக்கு வக்கீல் மேலும் இரண்டு பேரை அறிமுகம் செய்துவைத்தார்.

தனசேகரனின் முறை வரவேயில்லை. காரை நிழலில் விட்டுவிட்டு வந்த டிரைவரிடம் சொல்லிக்கொண்டு அவன் கிளம்பிவிட்டான். எல்லோரையும் பார்த்தாகிவிட்டதா என்று நைனா ஆவலாகக் கேட்டபோது, ரொம்ப நன்றாகப் பார்த்தேன் என்றான். அந்தக் கூத்தால் யாருக்கும் பயனில்லை என்று சொல்லிவிட முடியாது. சோடா உடைத்தவனுக்கு ஆடி மாதத்துக்குள் சென்னையில் குமாஸ்தா வேலை கிடைத்தது. அதைக் கேட்டபோதுதான் தனசேகரனுக்கு வயிறு எரிந்தது.

அந்தச் சேதி வருவதற்கு முன்பே, வைகாசி அமாவாசைக்கு அவன் அம்மா மாரியம்மாளைக் கூட்டிக்கொண்டு மேல்மலையனூர் கோவிலுக்குப் போயிருந்தான். எங்கு பார்த்தாலும் ஜனம். ஊருக்குள் நுழைகிற வழியிலேயே பந்தல் போட்டுக் காலரா ஊசி குத்திக்கொண்டிருந்தார்கள். குத்திக்கொண்டிருந்தார்கள் என்பதைவிட, துரத்திக்கொண்டிருந்தார்கள் என்பது சரி. காக்கிச் சட்டைக்காரர்கள் பெண்களின் கையைப் பிடித்து இழுத்தார்கள். பெண்கள் கூச்சலிட்டு வண்டிகளுக்கு அடியில் புகுந்து ஓடினார்கள். பந்தலில் ஹெல்த் ஆபீசர் பால்சாமி தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்.

பங்களாவில் பட்ட எரிச்சல் தனசேகரனுக்கு இன்னும் ஆறவில்லை. நேரே போய்க் கேட்டுவிட்டான்:

"ஆட்ட மடக்குற மாதிரி மடக்குனா எவ சார் கைய நீட்டுவா?"

காக்கிச் சட்டை ஒருவர் அவனை அடிக்க வந்தார். பால்சாமி அவரைத் தடுத்து, "அப்ப நீ செஞ்சி காட்டு தம்பி" என்றார். அதில் கேலியும் இருந்தது, களைப்பும் இருந்தது.

தனசேகரன் சட்டையைச் சுருட்டி முதலில் தன் கையை நீட்டினான். அடுத்து அம்மாவை உட்காரவைத்தான். மாரியம்மாள் அவனை வாய்க்கு வந்தபடி ஏசிக்கொண்டே ஊசி போட்டுக்கொண்டாள். ஏச்சைக் கேட்டுச் சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். சிரித்தவர்களிடம் அவன் பேச்சுக் கொடுத்தான். போன வருஷம் எந்த ஊரில் யார் யார் வாந்திபேதியில் போனார்கள் என்று அவர்களையே சொல்லவைத்தான். கொஞ்சநேரத்தில் ஒருத்தி வந்தாள். பிறகு அவள் நாத்தனார். பிறகு ஒரு வண்டி ஜனமே வந்தது. பொழுது சாயும்வரை அவன் அங்கேயே நின்றான். என்ன படிக்கிறான் என்பதைப் பால்சாமி சாயங்காலம்தான் கேட்டார். அப்பாவின் நிலத்தைப் பற்றிக் கேட்கவேயில்லை. அடுத்த அமாவாசைக்கும் வந்துவிடு என்றார்.

அடுத்த அமாவாசைக்கும் போனான். காலேஜ் லீவு விட்டபோதெல்லாம் போனான். பால்சாமி அவனை ஒருமுறை கடலூருக்கு அழைத்துப் போய்த் தம் மேலதிகாரி முன்னால் நிறுத்தி, "இவன் நம்ம ஆளு சார், ஜனங்க இவன் பேச்சக் கேக்குது" என்றார். பரீட்சை முடிவு வந்த மாதமே அவனுக்குச் சுகாதாரப் பிரசார வேலை கிடைத்தது. ஊர் ஊராகப் போய்க் காலராவையும் அம்மையையும் பற்றிப் பேசுவதுதான் வேலை.

நைனா குதித்தார். தனசேகரனுக்கு அவ்வளவு குதிக்க வரவில்லை. தான் பி.ஏ.யில் முதல் வகுப்பில் தேறியதை யாரும் சட்டை செய்யவில்லை என்பது உறுத்தியது. ஒரு மனிதரின் ஒரு வாய்ச்சொல்தான் வேலை செய்திருந்தது. சொன்னவர் நல்லவர், அவ்வளவுதான் வித்தியாசம். அன்று கோவிலுக்கு வேறு வழியாகப் போயிருந்தால், தன்னைப் போன்றவன் கடைசிவரை எந்தக் கார் பக்கத்திலாவது நின்றிருப்பான் என்று நினைத்தான்.

இந்தச் சேதி செஞ்சியில் பரவியதும் வக்கீல் ராமகிருஷ்ணன், இவன் நம் சங்கத்துப் பையன் என்று சொல்லிக்கொள்ள ஆரம்பித்தார். சங்கக் கூட்டத்தில் பேச வரும்படி ஆளும் அனுப்பினார். தனக்கு இன்னும் யாரும் அறிமுகம் ஆகவில்லை, ஆனபிறகு வருவதாகச் சொல்லச் சொன்னான் தனசேகரன். வந்த ஆளுக்கு அது புரியவில்லை. வக்கீலுக்குப் புரிந்திருக்கும்.

அந்த வருஷம் பக்கத்து வீட்டுச் சின்னப்பொண்ணு எட்டாவது தேறியிருந்தாள். நர்ஸ் படிப்புக்குப் போக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். தனசேகரன் அவளைப் பால்சாமியிடம் கூட்டிப் போனான். அவர் முன்னால் தன் முதுகு தானாக வளைவதையும், "நம்ம ஊருப் பொண்ணு சார், நீங்கதான் பாத்து..." என்று தன் வாய் இழைவதையும் கவனித்தான். வக்கீலின் குரலேதான். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

சின்னப்பொண்ணு அவன் முடிக்கும்வரை காத்திருக்கவில்லை.

"அவுரு சொல்றது இருக்கட்டும் சார். எனுக்கு ரத்தம் பாத்தா மயக்கம் வராது. இன்னா வேலன்னு சொல்லுங்க."

பால்சாமி சிரித்துவிட்டார். அவளை உட்காரச் சொல்லிவிட்டு, இன்னொரு நாற்காலிக்கும் ஆள் அனுப்பினார். தனசேகரன் வாயை மூடிக்கொண்டு, அது வரும்வரை நின்றுகொண்டிருந்தான்.