எல்லாப் படத்திலும் அதே பறவை

1

இந்தக் கதை ஒரு கூலி வேலையாகப் பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதி வழியில் நீங்களே கண்டுபிடித்து என்னைத் திட்டுவதைவிட இது மேல்.

வாரப் பத்திரிகையின் பொறுப்பாசிரியர் போன் செய்தார்.

“சார், மூணு மிர்ரர்லெஸ் கேமராவை ஒப்பிட்டு எழுதணும். விலை, லென்ஸ், செயல்திறன். கட்டுரைன்னா பக்கத்தைத் திருப்பிடறாங்க. நீங்க உங்க ஸ்டைல்ல விறுவிறுன்னு கதையா குடுங்க. மூணாவது கேமரா ஜெயிக்கணும்.”

“ஜெயிக்கலைன்னா?”

“ஜெயிக்கும் சார். பின்னட்டை விளம்பரம் அவங்களோடது.”

கொலைகாரன் யார் என்று எனக்கே தெரியாமல் பல தொடர்கதைகளை ஆரம்பித்திருக்கிறேன். கொலைகாரனைப் பின்னட்டையில் விற்றுவிட்டு, அப்புறம் என்னிடம் கதை கேட்டது இதுதான் முதல் தடவை. கோபம் மூக்குக்கு மேல் வந்தது. (இன்னும் இறங்கவில்லை. அப்படியே எழுதுகிறேன்.)

2

முதல் ஆரம்பம்: ‘அந்தக் கடைக்குள் நுழையும்போது அவளுக்குத் தெரியாது, வெளியே வரும்போது—’

அடித்துவிட்டேன். இப்படி எத்தனையோ கதைகளை ஆரம்பித்தாயிற்று. வெளியே வரும்போதும் யாருக்கும் ஒன்றும் பெரிதாகத் தெரிந்துவிடவில்லை.

இரண்டாவது ஆரம்பம்: ‘மூன்று கேமராக்கள். மூன்று விலைகள். ஒரே ஒரு பெண்.’

வேண்டாம். விளம்பரக்காரனே எழுதியது மாதிரி இருக்கிறது.

மூன்றாவதாக, உள்ளதைச் சொல்கிறேன். என் தங்கை போட்டோகிராபர். நீச்சல் கிளப்பின் போட்டிகளைப் படம் எடுப்பவள். அவளிடம் இருப்பது ஒரு பழைய மிர்ரர்லெஸ், ஒவ்வொன்றாகச் சேர்த்த மூன்று லென்ஸ்கள். போன வாரம் கிளப் செயலாளர் அவளைக் கூப்பிட்டுச் சொன்னார்:

“மேடம், பெரிய தெரு கேமரா கடையில ஒரு படம் மாட்டியிருக்கான், பாத்தீங்களா? ஒரு பொண்ணு டைவ் அடிக்கிறா. படம்னா அது படம்! இந்த சீசன் அந்த கேமரா வெச்சிருக்கறவங்களுக்குத்தான் வேலை. உங்க டப்பாவுல அதெல்லாம் வராது.”

டப்பா. வருஷக்கணக்கில் அவருடைய கிளப்புக்குப் படம் எடுத்துக் கொடுத்த டப்பா.

சீசன் போனால் அவளுடைய வருமானத்தில் பாதிக்கு மேல் போய்விடும். எனவே கேமராவையும் மூன்று லென்ஸையும் கடையில் கொடுத்துவிட்டு, மீதியைத் தவணையில் கட்டி, அந்த மூன்றாவது கேமராவை வாங்குவதாக முடிவு செய்தாள். எனக்குக் கட்டுரை. அவளுக்குக் கேமரா. இருவரும் ஒன்றாகக் கிளம்பினோம்.

“அண்ணா, உன் கதையில வர்ற பொம்பளைங்க ஒண்ணு செத்துப்போறாங்க, இல்லன்னா காபி கொண்டுவந்து வெக்கறாங்க. என்னை எதுல சேக்கப்போற?” என்றாள் பஸ்ஸில்.

(எதிலும் சேர்க்கவில்லை. கவனித்துக்கொள்ளவும்.)

3

கேட்ட ஒப்பீட்டைக் கொடுத்துவிடுகிறேன். கூலி வாங்காவிட்டாலும் வேலையில் குறை இருக்கக்கூடாது.

விலை: முதல் கேமரா மலிவு. இரண்டாவது நடுத்தரம். மூன்றாவதின் விலையைக் கேட்டதும் நான் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். ஆனால் கேமராவின் விலை வெறும் தூண்டில். கேமரா வாங்குவது கல்யாணம் என்றால், லென்ஸ் வாங்குவதுதான் குடும்பம் நடத்துவது.

லென்ஸ்: ஒவ்வொரு கம்பெனியும் லென்ஸ் மாட்டும் வாயை வேறு வேறு அளவில் செய்து வைத்திருக்கிறது. முதல் கேமரா தங்கையுடையதற்குச் சொந்தக்காரன், ஒரே கம்பெனி. அவளுடைய மூன்று லென்ஸும் அதில் அப்படியே உட்காரும். இரண்டாவதில் நடுவே ஒரு வளையம் போட்டால் உட்காரும், ஆனால் ஃபோகஸ் ஆமையாகிவிடும். மூன்றாவதில் உட்காரவே உட்காராது. கட்சி மாறினால் கட்டிய வேட்டியையும் விட்டுவிட்டு வா என்கிறார்கள்.

செயல்திறன்: நீர்த் திவலை தெறித்தால் முதலாவது திவலையைப் பிடித்துக்கொண்டு நீச்சல்காரரை விட்டுவிடுகிறது. இரண்டாவது பரவாயில்லை. மூன்றாவது, நீச்சல் கண்ணாடிக்குள் இருக்கும் கண்ணைக்கூட விடாமல் துரத்துகிறது. நல்ல கேமராதான். என் வயிற்றெரிச்சலே அதுதான். கெட்ட கேமராவாக இருந்தால் இந்தக் கதை சுலபமாக முடிந்திருக்கும்.

(பக்கக் குறிப்பு. மிர்ரர்லெஸ் என்றால் உள்ளே கண்ணாடி கிடையாது. லென்ஸைக் கழற்றினால் சென்சார் திறந்த வீடு. தூசி, நூல், எதுவும் உள்ளே வரலாம். தங்கையின் கேமராவில் அப்படி ஒரு சின்ன இழை, வி வடிவத்தில் மடிந்து, மூலையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அழுத்தித் துடைத்தால் கீறிவிடும் என்று ரிப்பேர்காரர் கைவிட்டுவிட்டார். வானம் மாதிரி வெளிறிய இடத்தில்தான் அது தெரியும், லென்ஸின் துவாரத்தைச் சுருக்கினால் இன்னும் தெளிவாக. வாடிக்கையாளருக்குக் கொடுப்பதற்கு முன் கம்ப்யூட்டரில் அழித்துவிடுவாள். இந்தக் குறிப்பைக் கடைசி அத்தியாயம்வரை ஒளித்துவைப்பது என் தொழில் தர்மம். கோபத்தில் இருப்பவனுக்கு ஒளிக்கப் பொறுமை இல்லை.)

4

கடை. குளிர். கண்ணாடி மேஜைகள். எதிர்ச் சுவர் முழுக்க அந்தப் படம்.

முதுகைக் காட்டியபடி ஒரு பெண் பலகையிலிருந்து எழும்பி நிற்கிறாள். கைகள் விரிந்து, கால்கள் சேர்ந்து, அவளைச் சுற்றி நீல வானம். கீழே மூன்றாவது கேமராவின் பெயர், லென்ஸின் பெயர், விலை. எடுத்த ஆளின் பெயர் மட்டும் இல்லை. கேமராவே நடந்துபோய் எடுத்துவிட்டு வந்துவிட்டது போலிருக்கிறது!

தங்கை அசையாமல் நின்றாள். வாங்கப்போகும் பொருளைப் பார்த்த பரவசம் என்று நினைத்தேன்.

“நான் எடுத்த ஒரு படம் மாதிரியே இருக்குண்ணா,” என்றாள் மெதுவாக. “ஆனா நான் எடுத்தது சாயங்காலம். மஞ்சளா இருக்கும்.”

அதற்குள் விற்பனையாளர் வந்துவிட்டார்.

“சூப்பர் செலக்‌ஷன் மேடம்! வலது பக்கம் மேல் மூலையைப் பாருங்க. அவ்வளவு தூரத்துல பறக்குற பறவை. றெக்கை வரைக்கும் தெரியுது! மத்த கேமராவுல புள்ளியாக்கூட வராது.”

“என்ன பறவைங்க அது?”

“ஏதோ கடல் பறவை மேடம்.”

“பக்கத்துல எங்கயும் கடலே இல்லையே.”

“வழி தவறி வந்திருக்கும் மேடம்.”

“வழியெல்லாம் தவறல. மூணு வருஷமா என் கேமராவுக்குள்ளதான் இருக்கு.”

பையிலிருந்து டப்பாவை எடுத்தாள். லென்ஸின் துவாரத்தைச் சுருக்கினாள். கடையின் வெள்ளைக் கூரையை நோக்கி ஒரே ஒரு படம். திரையை அவரிடம் திருப்பிக் காட்டினாள். வலது மேல் மூலையில் ஒரு வி.

“பாருங்க, உங்க கூரையிலயும் பறக்குது.”

5

விற்பனையாளரை வில்லனாக்கத்தான் உட்கார்ந்தேன். ‘அவர் உதட்டோரம் ஒரு கள்ளச் சிரிப்பு—’ என்று எழுதி அடித்தேன். பாவம், அவர் கூரையை நிமிர்ந்து பார்த்தார். நிஜமாகவே பறவையைத் தேடினார். மனப்பாடம் செய்யச் சொன்னதைச் செய்தவர்.

கடை மேனேஜருக்கு அந்தச் சலுகை கிடையாது.

நடந்தது இதுதான். இரண்டு வருஷத்துக்கு முன் அந்தக் கடை ஒரு புகைப்படப் போட்டி வைத்தது. கை வைக்காத ஒரிஜினலைத்தான் அனுப்ப வேண்டும் என்று விதி. தங்கை அனுப்பினாள், இழையோடு. முடிவு வரவே இல்லை. கை வைக்கக்கூடாது என்றவர்கள் கை வைத்து, மஞ்சளை நீலமாக்கி, சுவரில் ஏற்றிவிட்டார்கள். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே!

“இந்த கேமராவுல எடுத்ததுன்னு நாங்க எங்கயும் சொல்லலையே மேடம்,” என்றார் மேனேஜர். “மேல படம் இருக்கு. கீழ கேமரா பேர் இருக்கு. அவ்வளவுதானே?”

“அப்ப நடுவுல என் பேரைப் போடுங்க. எந்த கேமராவுல எடுத்தேன்னும் போடுங்க.”

அவர் இறங்கி வந்தார். பாதி விலைக்குக் கேமரா. லென்ஸும் ஒன்று சேர்த்து. அவளுடைய பழைய சாமான்களை அவளே வைத்துக்கொள்ளலாம். பதிலுக்கு, இந்தப் படத்தைப் பற்றி வெளியே மூச்சுவிடக் கூடாது.

“அந்தப் பறவையையும் அழிச்சுடறோம் மேடம். யாருக்கும் சங்கடமில்ல. காலையில சொல்லுங்க.”

வெளியே வந்ததும் தங்கை செயலாளருக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில்.

“சார், நீங்க சொன்ன படம் நான் எடுத்தது. உங்க குளத்துல. அந்த டப்பாவுல.”

“அப்படியா! ரொம்ப சந்தோஷம் மேடம். ஆனா புது கேமரான்னா இன்னும் நல்லா வரும்ல? கமிட்டியில பேசி முடிச்சாச்சு. அந்த கேமரா இருந்தா வாங்க.”

இந்த இடத்தில் நான் எழுதிய நான்கு வரிகளை நானே அடித்துவிட்டேன். குடும்பத்தோடு படிக்கிற பத்திரிகை.

தங்கை என்னைவிட நிதானமாக இருந்தாள். “அது நல்ல கேமராண்ணா. கையில வெச்சுப் பாத்தேன்ல. அதான் அழுகையா வருது,” என்றாள்.

6

முடிவு அ (பொறுப்பாசிரியருக்காக): அவள் புதுக் கேமராவோடு குளக்கரையில் நிற்கிறாள். சிரிக்கிறாள். கம்பெனி முத்திரை பளபளக்கிறது.

முடிவு ஆ (எனக்காக): அவள் சுவரில் இருந்த படத்தைக் கிழித்தெறிகிறாள். கடையே எழுந்து நின்று கை தட்டுகிறது.

ஆவன்னாவைத் தங்கைக்குப் படித்துக் காட்டினேன். “அது கண்ணாடிச் சட்டத்துக்குள்ள, என்னைவிட உயரமா இருக்கு. எதை வெச்சுக் கிழிக்கறது? உன் பேனாவையா? நீ வீரமா எழுதிட்டுத் தூங்கிடுவ. சீசன் முழுக்க நான் என்னத்த எடுக்கறது, உன்னையா?” என்றாள்.

முடிவு இ: ‘மறுநாள் காலை அவள் கடைக்குப் போனாள். மேனேஜரைப் பார்த்து அவள் சொன்ன—’

7

எழுத மாட்டேன். தெரியாததால் அல்ல, அவள் என்னிடம் சொல்லிவிட்டாள். ஒருவர் எடுத்த படத்தைக் கேட்காமல் எடுத்து மாட்டினார்கள். அவள் எடுத்த முடிவையும் அப்படியே எடுத்து நான் மாட்ட வேண்டுமா?

(அந்தப் பத்திரிகை இதைப் போடாது. வேறெங்கோதான் படித்துக்கொண்டிருக்கிறீர்கள்.)

பெரிய தெருவில் அந்தக் கடையைக் கடந்து போனால், கண்ணாடிக் கதவு வழியாகவே பார்க்கலாம். வலது மேல் மூலை. பறவை இன்னும் அங்கே பறந்துகொண்டிருந்தால், உள்ளே போய், படத்துக்கும் கேமரா பெயருக்கும் நடுவில் எழுதியிருக்கும் பெயரை ஒரு தடவை சத்தமாகப் படியுங்கள், விற்பனையாளர் கேட்கட்டும்.

வெறும் வானம்தான் இருக்கிறதென்றால், பொறுப்பாசிரியருக்கு நீங்களே போன் செய்து சொல்லிவிடுங்கள். மூன்றாவது கேமரா ஜெயித்துவிட்டது.