இரண்டு குழல்கள்

…இன்னும் கொஞ்சம் திறங்க என்கிறாள், இதற்கு மேல் எங்கே திறப்பது, எல்பியாவுக்குத் தாடை விட்டே போய்விடும் போலிருக்கிறது, பதினொரு மாதமாகப் பேச ஆளில்லாமல் துருப்பிடித்த வாய் இது, காலையில் பிளாஸ்கில் வெந்நீர் ஊற்றி, சுரைக்குடுக்கையில் மாத்தே இலை போட்டு, குழல் வைத்துத் தானே உறிஞ்சி, தானே மறுபடி ஊற்றி… கைமாற்றிக் கைமாற்றிக் குடிக்கிறதுதானே மாத்தே, ஒற்றை ஆளுக்கு அது ஒரு கேடா? இந்தப் பெண் ஃபுளோரென்சியா இன்னும் பல் மருத்துவம் படித்துக்கொண்டிருக்கிறவள், கை மெத்தென்று இருக்கிறது, ஈறோரத்தில் எதையோ வழித்துக் கண்ணாடித் துண்டில் தடவி, நுண்ணோக்கியில் வைத்து, "திரையைப் பாருங்க எல்பியாம்மா, உங்க வீட்டுக் குடித்தனக்காரங்க" என்று சிரிக்கிறாள். அடி ஆத்தி, என்ன கூட்டம்! சுருள் சுருளாக, குச்சி குச்சியாக, சந்தைக்குப் போகிற அவசரத்தில் நெளிகின்றன.

புருஷன் வால்தேமாரின் ஈறும் இப்படித்தான், ரொட்டியைக் கடித்தால் ரொட்டியில் ரத்தம், முன்பல் இரண்டும் ஆடின, கிருமி ஒட்டிக்கொள்ளும் என்று யாரோ சொன்னார்கள், அவ்வளவுதான், அவள் சால்தோ கடைத்தெருவுக்கு ஓடிப்போய்த் தனக்கென்று ஒரு புதுக் குழல் வாங்கி வந்தாள், முப்பத்தெட்டு வருடம் அவனோடு ஒரே குழலில் குடித்தவள். அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "என்ன கிழவி, என் வாய் உனக்கு நாறுதா?" "நாறலை கிழவா, டாக்டருங்க சொல்றாங்க…" எந்த டாக்டர் சொன்னார்? ஒருவரும் அவளிடம் நேரில் சொல்லவில்லையே. அவன் ஒரே மடக்குக் குடித்துவிட்டுக் குடுக்கையை நீட்டி, "நன்றி" என்றான். நன்றி சொல்லிவிட்டால் எங்கள் ஊரில் போதும் என்று பொருள், அப்புறம் யாரும் ஊற்றித் தருவதில்லை. அன்றிலிருந்து அவன் வாசலில் தனியாக, இவள் அடுக்களையில் தனியாக, நாலே மாதம், பிறகு நெஞ்சுவலி என்றான், போய்விட்டான். மன்னிப்புக் கேட்க நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாளே பாவி, அந்த நேரம் வந்ததா?

"இதுங்க எப்போ வந்திருக்கும்மா? ஒன்னரை வருஷத்துக்குள்ளயா?" என்று கேட்கிறாள் எல்பியா. "ஒன்னரை வருஷமா! எலும்பு இவ்ளோ கரைஞ்சிருக்கே, ரொம்ப வருஷமா இருக்கிறவங்கதான். சேர்ந்து வாழ்றவங்க வாயில பெரும்பாலும் ஒரே கூட்டந்தான் இருக்கும். அவர்கிட்டேர்ந்து உங்களுக்கு, உங்ககிட்டேர்ந்து அவருக்கு, யாரு கண்டா?" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுச் சுரண்டும் கொக்கியை எடுக்கிறாள். அப்படியானால் அந்தப் புதுக் குழல் எதற்கு? எதையும் தடுக்காத குழலுக்காகவா அவனை வாசலில் உட்கார வைத்தாள்? அழுகை வருகிறது, பஞ்சை வாயில் வைத்துக்கொண்டு அழுவது எப்படி… அவன் சட்டைகளைக் கோயிலுக்குக் கொடுத்தாயிற்று, அவன் குழலை மட்டும் டிராயரில் வைத்திருக்கிறாள், அதைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவி… திரையில் ஒரு சுருள் இன்னும் விடாமல் நெளிகிறது, அது யாருடையது, அவனுடையதா?

"இதுங்களைச் சுரண்டி எடுத்துட்டா ஈறு இறுகும், பல்லு நிக்கும். திறங்க பார்ப்போம்."

பல் நிற்க வேண்டும்தான், யார் வேண்டாமென்றது? திறக்கத்தான் நினைக்கிறாள். உதடு இரண்டும் ஒட்டிக்கொண்டு திறக்கமாட்டேன் என்கின்றன.