சராசரியில் சேராதவள்

1

இந்தக் கதை என் மனதில் தானாக ஊறியதில்லை. தலைமையாசிரியர் வெய் கேட்டு வாங்கும் கதை. ‘எல்லோருக்குமான வகுப்பறை’ என்ற தலைப்பில் ஆசிரியர்களுக்கு மாவட்டக் கல்வி அலுவலகம் போட்டி வைத்திருக்கிறது. சொந்த அனுபவமாக இருக்க வேண்டுமாம்.

“ஒவ்யாங் டீச்சர், உங்க கிளாஸ்லதான் அந்த மாதிரி பொண்ணு ஒண்ணு இருக்கே. உருக்கமா எழுதுங்க. கடைசியில அவ உங்களைக் கட்டிப்பிடிச்சு அழணும்” என்றார்.

அவர் சொன்ன பெண் லான்ஷி. அவள் அழவே மாட்டாள். சரி, எழுதுகிறேன்.

2

முதல் தொடக்கம்: ‘வசந்த காலத்து இளந்தளிர் போல லான்ஷி என் வகுப்புக்குள்—’

சீ.

நனைந்த செருப்போடும் நூடுல்ஸ் குழம்பு வாசனையோடும்தான் வந்தாள். மூன்றாம் வகுப்பு. எழுத்துகளை வாசிக்க வராது. ஆனால் அம்மாவின் கடையில் பன்னிரண்டு பேர் ஒரே நேரத்தில் கேட்பதை, யாருக்குக் காரம், யாருக்கு முட்டை, யாருக்கு மல்லித்தழை வேண்டாம் என்பதை, ஒன்று விடாமல் திருப்பிச் சொல்வாள். (வினாத்தாளில் இதற்குக் கேள்வி கிடையாது.)

3

போட்டிக் கதைகளில் ஆசிரியை பொறுமையின் உருவம். இந்தக் கதையின் ஆசிரியையை நீங்கள் நம்ப வேண்டாம்.

எங்கள் ஆசிரியர் அறைச் சுவரில் வகுப்புச் சராசரிகளை வரிசைப்படுத்தி ஒட்டுவார்கள். லான்ஷி நூற்றுக்கு வாங்கிய பதினேழால் என் வகுப்பு கடைசி. எங்கள் பள்ளியில் ஒரு வழி உண்டு. அறிவுத்திறன் சோதனையில் எழுபதுக்குக் கீழே என்று மருத்துவமனைச் சீட்டு வந்துவிட்டால், அந்தக் குழந்தையின் மதிப்பெண் சராசரியில் சேராது.

அவள் அம்மாவைக் கூப்பிட்டேன்.

“ஒரு சீட்டுதாங்க. வந்துட்டா அவளை யாரும் திட்ட மாட்டாங்க.”

“முட்டாள்னு எழுதிக் குடுக்கிற சீட்டா, டீச்சர்?”

“அப்படி இல்லைங்க. அவ நல்லதுக்குத்தான்.”

(இந்த வரியை வெட்ட மூன்று முறை பேனாவை எடுத்தேன். இருக்கட்டும். நான் சொன்னது அதுதான்.)

4

சீட்டு வந்தது. அறுபத்தெட்டு. அவளைக் கடைசி வரிசைக்கு, துடைப்ப அலமாரிக்குப் பக்கத்தில் மாற்றினார்கள்.* அவளிடம் பரீட்சைத் தாளை வாங்க வேண்டிய கட்டாயமில்லை. அவளோ ஒவ்வொரு முறையும் தாளைக் கொண்டுவந்து என் மேசையில் வைப்பாள். என் வகுப்பு நான்காம் இடத்துக்கு ஏறியது.

* மாற்றியது நான். அறிக்கை எழுதிப் பழகிய கை, அப்படித்தான் எழுதும்.

5

போன வாரம் கதைக்கு மனதைத் தொடும் சம்பவம் ஒன்று தேவைப்பட்டது. அதற்காக மட்டுமே, மதிய இடைவேளையில் அவளை உட்காரவைத்துக் கணக்குத் தாளை வாய்விட்டு வாசித்தேன். அவளும் வாயாலேயே பதில் சொன்னாள். தொண்ணூற்றொன்று. மொத்தமே பதினைந்து நிமிடம்.

அந்தப் பதினைந்து நிமிடத்தை ஒரு வருடமாக அவளுக்குத் தர எனக்கு மனம் வரவில்லை. வெய் மேல் எரிச்சல், அந்தச் சுவர் மேல் எரிச்சல். எல்லாவற்றையும்விட என் மேல்தான் பற்றிக்கொண்டு வந்தது.

“இவ்வளவு தெரிஞ்சவ ஆஸ்பத்திரியில ஏம்மா சொல்லல?”

“அங்கயும் வாயாலதான் கேட்டாங்க, டீச்சர். தெரிஞ்சதையும் தப்பாச் சொன்னேன்.”

“ஏன்?”

“கம்மியா வந்தா டீச்சருக்கு உதவியா இருக்கும்னு அம்மா சொன்னாங்க.” அப்புறம் என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்: “அறுபத்தெட்டு போதுமா டீச்சர்? இன்னும் கம்மி பண்ணணுமா?”

6

மறுசோதனை விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு வெய்யிடம் போனேன்.

“நாலாவது எடத்துக்கு வந்திருக்கோம், இப்பப் போய் இதைக் கிளறுறீங்களே. கதையில சீட்டுப் பேச்சே வேண்டாம். கட்டிப்பிடிக்கிறதோட நிறுத்துங்க.”

முடிவு ஒன்று: வெய் மனம் மாறிக் கையெழுத்துப் போடுகிறார். (மாறவில்லை.)

முடிவு இரண்டு: லான்ஷி ஓடிவந்து என்னைக் கட்டி—

மாட்டேன். எழுத மாட்டேன்.

7

தேர்வுக் குழுவினரே, இதை வாசிப்பது நீங்கள்தான். வெய் எதையும் படிக்காமலே முத்திரை குத்துபவர். அதனால் இது உங்கள் கைக்கு வந்து சேரும். விண்ணப்பத்தைக் கடைசிப் பக்கத்தோடு பின் அடித்திருக்கிறேன். என் கையெழுத்து இருக்கிறது. வெய்யின் கட்டமும் மாவட்ட அலுவலகத்துக்கான கட்டமும் காலி. போடுவதும் கிழிப்பதும் உங்கள் இஷ்டம். கதைக்குப் பரிசு வேண்டாம்.

அவளுக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. இன்று காலையும் கடைசி வரிசையிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். நீங்களே சொல்லுங்கள், அறுபத்தெட்டு போதுமா?