அணைக்கத் தெரிந்தவர்கள் வீட்டு அடுப்பு

பெண்ணைப் பார்க்க வருகிறவர்களுக்குத் தன் கையாலேயே கோழி சுட்டுப் போடுவதாக ஆபீசர் வாக்குக் கொடுத்துவிட்டார். யாரும் கேட்கவில்லை. தொலைபேசியில் பையனின் அம்மா, "நான் பேக்கரி நடத்துறவ ஐயா, எங்க வீட்டுல எல்லாருமே அடுப்புப் பக்கம் வளர்ந்தவங்க" என்று சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னார். ஆபீசருக்கு அது சுருக்கென்று தைத்தது. தீயைப் பற்றி இன்னொரு குடும்பம் பெருமை பேசி அவர் கேட்டுக்கொண்டிருப்பதா?

அவர் தீயணைப்பு நிலையத்தில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய அப்பாவும் அதே வேலை. பெரிய மகனும் சின்ன மகனும் இப்போதும் அதே வேலை. கல்யாணத்துக்கு நிற்கும் மகள், பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்த் தீ பிடித்தால் என்ன செய்வது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறவள். பரம்பரையாகத் தீயோடு மல்லுக்கு நின்ற குடும்பம்தான். ஆனால் அவர்களில் ஒருவர்கூடத் தீ மூட்டிப் பழகியதில்லை என்பது ஞாயிற்றுக்கிழமை காலை வரை யாருக்கும் உறைக்கவில்லை.

கொல்லைப்புறத்தில் ஏற்பாடு அமர்க்களமாக இருந்தது. கரி அடுப்பு நடுமுற்றத்தில், சுவரும் துணிக்கொடியும் மரக்கிளையும் எட்டாத இடத்தில், ஆடாமல் அசையாமல் நின்றது. ஒரு பக்கம் வாளியில் மணல், மறுபக்கம் சிவப்பு நிறத் தீயணைப்பான், அதன் அருகே ஈரச் சாக்கு. ஆபீசர் முழங்கைக்கு மேல் சட்டையை மடித்துவிட்டு, நீள இடுக்கியைப் பிடித்தபடி விறைப்பாக நின்றார்.

"மழை வர்ற மாதிரி இருக்கு. அடுப்பை கார் ஷெட்டுக்குள்ள தள்ளிடலாமா?" என்றார் அவர் மனைவி.

"கரிப்புகை ஷெட்டுக்குள்ள அடைஞ்சா ஆளையே சாய்ச்சிடும். மழை வந்தா நனைவோம்."

"நனையறதுக்கா அவங்க வர்றாங்க?"

வந்துவிட்டார்கள். பேக்கரி அம்மா வாட்டசாட்டமானவர், கையில் துணி மூடிய ஒரு பெரிய கூடை. பையன் கழுத்தில் நீளத் துண்டு ஒன்றைத் தொங்கவிட்டிருந்தான். "தம்பி, அதைக் கழற்றி உள்ளே வச்சிட்டு வாங்க, நெருப்புல விழும்" என்பதுதான் ஆபீசர் வருங்கால மருமகனிடம் பேசிய முதல் வார்த்தை.

ஆபீசர் கரியைப் பற்றவைத்தார். நீல நிறத்தில் ஒரு சின்ன நாக்கு எழுந்தது. அடுத்த நொடி அதன் மேல் ஈரச் சாக்கு விழுந்தது.

பெரியவன் தன் கையையே பார்த்துக்கொண்டான். "தெரியாம வந்துடுச்சுப்பா. பழக்க தோஷம்."

காய்ந்த கரி போட்டு மறுபடி பற்றவைத்தார். தீ நன்றாகப் பிடித்துவரும் நேரத்தில் ஒரு வாளி மணல் கொட்டியது. இம்முறை சின்னவன்.

"டேய், உனக்குமா?"

"காத்து அடிச்சதுப்பா, தீ ஒரு பக்கமா சாய்ஞ்சது. என்னால பார்த்துட்டு இருக்க முடியல."

மகள் மட்டும் சும்மா இருந்தாள் என்று சொல்ல முடியாது. அவள் விருந்தாளிகளை வெளிக்கதவு வரைக்கும் வரிசையாக நடத்திக் கொண்டுபோய் நிறுத்தியிருந்தாள். பையன் ஒழுங்காக வரிசையில் நின்றான். அது அவளுக்குப் பிடித்திருந்தது.

"கொஞ்சம் பெட்ரோல் தெளிச்சா சட்டுனு பத்திக்கும் மாமா" என்றான் பையன், அங்கிருந்தபடியே.

ஆபீசர் குடும்பம் மொத்தமும் அவனைப் பார்த்த பார்வையில் அவன் இன்னும் நாலடி பின்வாங்கினான்.

"அவன் விளையாட்டுக்குச் சொல்றான்" என்று பேக்கரி அம்மா அவன் தலையில் ஒரு தட்டு தட்டினார். "ஐயா, நான் வேணும்னா மூட்டித் தரட்டுமா? எனக்கு இது தினசரி வேலைதானே."

"விருந்துக்கு வந்தவங்க அடுப்பு மூட்டினாங்கன்னு நாளைக்கு ஊர் பேசும்" என்றார் ஆபீசர். அவருக்கு வியர்த்துக் கொட்டியது. சம்பந்தம் போனாலும் போகலாம், சொன்ன சொல் போகக் கூடாது. "பெரியவனே, சின்னவனே. சுவரோரமா நாற்காலி போட்டு, கையை மடியில வச்சிட்டு உட்காருங்க. அடுப்பு வெடிச்சாலும் எழுந்திருக்கக் கூடாது."

இருவரும் உட்கார்ந்தார்கள். மூன்றாம் முறை கரி பற்றியது, கனன்றது, மேலே சாம்பல் பூத்தது. கோழித் துண்டுகள் கம்பிமேல் ஏறின. மணம் தெருவைத் தொட்டது. பக்கத்து வீட்டு மாடியில் யாரோ எட்டிப் பார்த்தார்கள். ஆபீசரின் முதுகு மறுபடி நிமிர்ந்தது. "நெருப்பை அடக்கி ஆளணும்மா. அதான் வித்தை" என்று பேக்கரி அம்மாவிடம் சொல்லியபடி ஒரு துண்டைத் திருப்பிப் போட்டார்.

கொழுப்பு சொட்டியது. குப்பென்று தீ ஆளுயரம் எழுந்தது.

அடுப்பு மூடியை எடுத்துக் கவிழ்த்திருந்தால் போதும், தீ அடங்கியிருக்கும். அது அவருக்குத் தெரியும். எத்தனையோ வீடுகளில் அவரே சொல்லியிருக்கிறார். மகன்கள் நாற்காலியில் பல்லைக் கடித்துக்கொண்டு, கையை மடியிலேயே வைத்திருந்தார்கள். அசைந்தது ஆபீசரின் கை. மூடிக்குப் போகவேண்டிய கை பழகின இடத்துக்குப் போனது. தீயணைப்பானின் பூட்டு ஊசி தெறித்து, பொடி சீறியது.

வெள்ளைப் புகைமூட்டம் கலைந்தபோது தீயும் இல்லை, கோழி இருந்த அடையாளமும் இல்லை. அடுப்பு, இடுக்கி, ஆபீசரின் மீசை எல்லாம் ஒரே வெள்ளை.

பேக்கரி அம்மா கிட்டே வந்து எட்டிப் பார்த்தார்.

"மாவு தூவியாச்சு" என்றார். "இனி சுட வேண்டியதுதான் பாக்கி."

மகன்கள் சிரிப்பை அடக்கத் தரையைப் பார்த்தார்கள். ஆபீசர் மீசையைத் துடைக்கவில்லை. "இது சாப்பிடக் கூடாதும்மா, மருந்துப் பொடி. எல்லாத்தையும் கொட்டிடணும்." தொண்டையைச் செருமினார். "சொன்னபடி விருந்து போட முடியல. தப்பு என் மேலதான், பசங்க மேல இல்ல. ஆனா ஒண்ணு. இந்த வீட்டுல கிளம்பின தீ எதுவும் பக்கத்து வீட்டுக்குப் போனதில்ல."

"அதான் பார்த்தேனே, கோழி வரைக்கும்கூடப் போகலையே." பேக்கரி அம்மா கூடையைத் திறந்து ஆளுக்கொரு ரொட்டியாக நீட்டினார். ரொட்டிக்குள் வைத்த கறி இன்னும் சூடாக இருந்தது. "நான் ஒரு விஷயம் சொல்றேன், கேளுங்க. கடையைப் பூட்டிட்டு வீட்டுக்குப் போறப்போ, அடுப்பை அணைச்சோமா இல்லையான்னு பாதி வழியில திரும்பிப் போறவ நான். தினமும். இந்தப் பொண்ணு எங்க வீட்டுக்கு வந்தா, நேரா போய்ப் படுத்துத் தூங்குவேன்."

ஆபீசர் ரொட்டியைக் கடிக்காமல் கையிலேயே பிடித்திருந்தார்.

"ஆனா கல்யாணச் சமையல் எங்க பொறுப்பு, சம்பந்தி. உங்க ஆளுங்க ஒருத்தரும் அடுப்படிப் பக்கம் தலை வைக்கக் கூடாது."

சம்பந்தி என்ற அந்த ஒரு சொல்லில் ஆபீசரின் வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. இருந்தாலும் குடும்ப கௌரவம் என்று ஒன்று இருக்கிறதே. நன்றாக யோசித்தார்.

"வாசல்ல ஒரு வாளி மணலாவது வச்சுக்கலாமா?"

"தாராளமா வைங்க" என்றார் சம்பந்தியம்மா. "நீங்க அதுக்குப் பக்கத்துல நிக்காதீங்க."