பதினான்காம் எண் வண்டியின் பின்னங்கால்கள்

நகராட்சிப் பட்டறையின் தலைமை மெக்கானிக்குக் குதிரையைப் பற்றித் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்: அதன் பின்பக்கம் போய் நிற்கக் கூடாது. அதுவும் யாரோ சொன்னது.

இருந்தும் ஒரு திங்கட்கிழமை காலை, குப்பை லாரிக்கும் தண்ணீர் லாரிக்கும் நடுவில், பழுதுக்கு வந்த வண்டியாக ஒரு குதிரை நின்றது. இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. பூங்காவில் குழந்தைகளை வண்டியில் ஏற்றிச் சுற்றுவதற்காக நகராட்சி அதை வாங்கியபோது, எந்தப் பதிவேட்டில் சேர்ப்பது என்று ஆபீஸில் ஒரு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். ஊழியர் என்று போட்டால் கையெழுத்துப் போட வராது. தோட்டப் பிரிவோ, செடியைத் தின்கிற எதையும் எங்கள் கணக்கில் சேர்க்காதீர்கள் என்று எழுதிவிட்டது. கடைசியில் வண்டியோடு வண்டியாக வாகனப் பதிவேட்டில் ஏற்றினார்கள். எண் பதினான்கு. தயாரிப்பு ஆண்டு என்ற இடத்தில் பிறந்த வருஷம். எரிபொருள், புல். ஆகவே அது நொண்ட ஆரம்பித்ததும், வேறு எந்த வாகனம் நொண்டினாலும் எங்கே வருமோ அங்கே வந்தது.

கூடவே வேலை அட்டையும் வந்தது. அதில் மூன்று கட்டங்கள். ஒன்று, முழுப் பழுது பார்க்கலாம். இரண்டு, தற்காலிகமாகச் சரிசெய்து ஓட்டலாம். மூன்று, கழித்துவிடலாம். பதினைந்து நாளைக்குள் ஒன்றில் டிக் அடித்துத் தலைமை மெக்கானிக் கையெழுத்துப் போட வேண்டும். இருபத்தாறு வருஷத்தில் எத்தனையோ ஜீப்பை மூன்றாவது கட்டத்தில் அனுப்பியவர்தான். ஆனால் எந்த ஜீப்பும் அவர் டிபன் டப்பாவைத் திறக்கும்போது எட்டிப் பார்த்ததில்லை.

“வயசு என்ன?” என்று குதிரையைப் பிடித்து வந்த குதிரைக்காரரிடம் கேட்டார்.

“மூணு முடிஞ்சு நாலு நடக்குது.”

“மூணு வருஷத்துலயா மூட்டு போச்சு?”

“ஒன்றரை வயசுலயே வண்டியில பூட்டிட்டாங்க சார். எலும்பு முத்துறதுக்கு முன்னாடி. வாயில்லாத பிள்ளை, யார்கிட்ட போய்ச் சொல்லும்.”

குதிரைக்காரர் அதைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவார். பட்டறையில் மற்றவர்கள் பதினாலு என்றார்கள். அது இரண்டுக்கும் திரும்பிப் பார்த்தது.

மறுநாள் கால்நடை டாக்டரம்மா வந்தார். வலது பின்னங்காலை மடக்கிப் பிடித்து, விட்டு, நடக்கவைத்துப் பார்த்தார். எக்ஸ்ரே படம் எடுத்தார். பின்னங்கால் மூட்டில் வாதம், நல்ல வலி இருக்கும் என்றார். பிறகு மூன்று வழி இருக்கிறது என்றார். தினமும் தீனியில் வலி மாத்திரை கலந்து கொடுத்து ஓட்டலாம். ஒரு வருஷம் தாங்கும், அதற்குள் மூட்டு இன்னும் கெடும். இல்லையென்றால் மயக்கம் கொடுத்து மூட்டில் துளை போட்டு, எலும்பும் எலும்பும் ஒட்டிக்கொள்ளும்படி செய்யலாம். அந்த மூட்டு இனி அசையாது, அசையாததால் வலிக்காது. அது பெரிதாக மடங்குகிற மூட்டு இல்லை, நடையும் அவ்வளவாகக் கெடாது. எட்டு மாதம் ஓய்வு வேண்டும். முதல் சில வாரம் வலி கூடும். மூன்றாவது வழியை அவர் வாயால் சொல்லவில்லை. குதிரையின் கழுத்தைத் தடவிக்கொடுத்தார்.

தலைமை மெக்கானிக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. மூன்று கட்டம், மூன்று வழி. முதல் தடவையாக ஒரு படிவமும் உலகமும் ஒத்துப்போயிருந்தன. வலது பின்னங்காலுக்கு முழுப் பழுது என்று அன்றே எழுதி அனுப்பிவிட்டார்.

அட்டை இரண்டே நாளில் திரும்பி வந்தது. ஓரத்தில் வாகனப் பிரிவு அதிகாரி சிவப்பு மையில் எழுதியிருந்தார்: ‘பின்பக்க வேலை எதுவானாலும் ஜோடியாகவே செய்ய வேண்டும். சுற்றறிக்கையைப் பார்க்க.’

அந்தச் சுற்றறிக்கையைத் தலைமை மெக்கானிக் பார்க்கத் தேவையில்லை. எழுதியதே அவர்தான். எப்போதோ ஒரு லாரிக்கு ஒரு பக்கம் மட்டும் பிரேக் மாற்றியதில் அது மீன் மார்க்கெட்டுக்குள் பக்கவாட்டில் போய் நின்றது. அன்று ஆத்திரத்தோடு உட்கார்ந்து எழுதியது. எல்லாப் பட்டறைகளிலும் அட்டையில் ஒட்டி மாட்டியிருந்தார்கள். வாழ்நாளில் அவர் எழுதி வெளியான ஒரே படைப்பு. விருந்தாளி யாராவது பட்டறைக்கு வந்தால், சும்மா காற்றுக்கு நிற்கிற மாதிரி அதன் பக்கத்தில் போய் நிற்பார்.

அதிகாரிக்குப் போன் செய்து, சார் இது பிரேக் இல்லை, கால், இன்னொரு கால் நன்றாக இருக்கிறது என்று எடுத்துச் சொன்னார். விதி எழுதியவரே விதியை மீறலாமா என்று அதிகாரி கேட்டார். கேள்வி நியாயமாக இருந்ததுதான் எரிச்சல். இந்த இழுபறியிலேயே பத்து நாளுக்கு மேல் போய்விட்டது.

டாக்டரம்மாவை மறுபடி கூப்பிட்டு, தலையைச் சொறிந்துகொண்டே விஷயத்தைச் சொன்னார். இடது கால் நன்றாக இருக்கிறது என்று ஒரு கடிதம் கொடுத்தால் போதும், சுற்றறிக்கைக்குத் தானே மறுப்பு எழுதிவிடுவதாகவும் சொன்னார். சிரிப்பார் என்று நினைத்தார். டாக்டரம்மா சிரிக்கவில்லை.

“கடிதம் கொடுக்கணும்னா முதல்ல அதைச் சோதிக்கணும்” என்று ஊசியை எடுத்தார்.

வலது மூட்டு மரத்துப்போக ஊசி போட்டார். கால் மணி நேரம் காத்திருந்தார்கள். பிறகு குதிரைக்காரர் கயிற்றைப் பிடித்து நடக்கவைத்தார். பாப்பா வலது காலை அழகாக ஊன்றியது. தலைமை மெக்கானிக் முகம் மலர்ந்தது. நாலாவது அடியில், அது இடது காலில் நொண்டியது.

தண்ணீர் லாரிக்கு அடியில் படுத்திருந்தவன்கூடத் தட்டுவதை நிறுத்திவிட்டான்.

“ரெண்டு பக்கமும் இருக்கு. வலது பக்கம் அதிகமா வலிச்சதால இடது பக்கத்தைக் காட்டிக்கவே முடியல அதால” என்றார் டாக்டரம்மா.

சுற்றறிக்கை சரியாகிவிட்டது. தன் எழுத்து இப்படி உயிரோடு எழுந்து வந்து ஜெயிக்கும் என்று தலைமை மெக்கானிக் எதிர்பார்க்கவில்லை. ஜெயித்தது பிடிக்கவும் இல்லை. ஒரு கால் என்றால் துளை போடச் சொல்ல அவருக்குத் துணிச்சல் இருந்தது. இரண்டு கால், இரண்டு மடங்கு வலி, எட்டு மாதம். நாளையோடு பதினைந்து நாள். சரியாக வருமா என்று கேட்டதற்கு, பெரும்பாலும் வரும், சத்தியம் செய்ய முடியாது என்றார் டாக்டரம்மா. வண்டி இழுக்குமா? இழுக்காது. அதை மட்டும் அவரால் சத்தியம் செய்ய முடிந்தது.

மத்தியானம் வீட்டுக்குச் சாப்பிடப் போனவர் தட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு சமையலறைக்கும் மேசைக்கும் நடந்தாள். அவளுக்கும் முட்டிவலி. வந்து ஆறேழு வருஷம் இருக்கும்.

“ஏம்மா, உன் முட்டியை மடக்க முடியாதபடி ஒட்டவச்சுட்டா வலி போயிடும்னு சொன்னா, ஒத்துக்குவியா? கொஞ்ச நாளைக்கு வலி இன்னும் கூடும். அப்புறம் இருக்காது.”

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

“ஒத்துக்குவேன். வலிக்குதுன்னு நான் படுற பாட்டைவிட, நாளைக்கும் இதேதான்னு தெரியுது பாருங்க, அதுதான் தாங்கல.” பிறகு சொன்னாள், “இத்தனை வருஷத்துல இப்பதான் கேக்குறீங்க.”

அவர் சோற்றை விரலால் ஒதுக்கினார்.

“யாருக்கு, எனக்கா கேக்குறீங்க?”

பொய் சொல்ல நல்ல சந்தர்ப்பம். அவருக்கு அது வராது.

“குதிரைக்கு.”

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். “குதிரைக்குத்தான் இருக்கும்னு நினைச்சேன்” என்று சொல்லி ரசத்தை ஊற்றினாள். ஊற்றியதில் பாதி மேசையில் விழுந்தது. சிரித்தாளா, வேறு ஏதாவதா என்று நிமிர்ந்து பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை. நாளைக்குச் சாயங்காலம் டாக்டரிடம் போகலாம், மனுஷ டாக்டர், என்று தட்டைப் பார்த்தே சொன்னார்.

மறுநாள் முதல் கட்டத்தில் டிக் அடித்தார். இரண்டு பின்னங்கால்கள், ஜோடியாக என்று எழுதினார். கடைசி வரி இடித்தது: பழுதுக்குப் பின் வாகனத்தின் பயன். காலியாக விட்டால் ஆபீஸ் தானாகவே மூன்றாவது கட்டத்துக்கு மாற்றிவிடும். பால் வண்டி, விளம்பரம் என்று என்னென்னவோ தோன்றியது. எல்லாம் பொய். பேனாவை உதறி, ‘நிற்பதற்கும் நடப்பதற்கும்’ என்று எழுதினார்.

அதிகாரியே நேரில் வந்துவிட்டார். மூக்குக் கண்ணாடியை இறக்கி அந்த வரியை இரண்டு முறை படித்தார்.

“வேற ஒண்ணுக்கும் ஆகாதா?”

“ஆகாது சார்.”

“வண்டியை ஓட்டிக் காட்டச் சொல்லுங்க. பார்க்காம கையெழுத்துப் போட மாட்டேன்.”

ஊசியின் மரமரப்பு எப்போதோ போயிருந்தது. குதிரைக்காரர் கயிற்றை இழுக்கவில்லை. பாப்பா என்று மட்டும் சொன்னார். அது கிளம்பியது. ஒவ்வொரு பின்னங்காலையும் தூக்குவதற்கு முன்னால் ஒரு கணம் நின்று, வைப்பதற்கு முன்னால் ஒரு கணம் நின்று, ஆறு அடி நடந்து குதிரைக்காரரின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டது. தோல் நடுங்கிக்கொண்டிருந்தது.

அதிகாரி எண் பலகை எங்கே என்று கேட்க வாயெடுத்தவர் மாதிரி தெரிந்தார். கேட்கவில்லை.

“போதும், நிறுத்துங்க” என்றார். குப்பை லாரியின் பக்கவாட்டில் அட்டையை வைத்துக் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடும்போது, “எட்டு மாசம் எங்க நிறுத்துவீங்க?” என்று கேட்டார்.

தலைமை மெக்கானிக் சுற்றிப் பார்த்தார். தன் அறைக்கு நேர் எதிரே, தன் ஸ்கூட்டரை நிறுத்துகிற நிழலான இடம் இருந்தது. பட்டறையிலேயே வெயில் படாத இடம் அது ஒன்றுதான். போய் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தார்.