பேச்சுக்குத் தடையில்லை

இஸ்திரிப் பெட்டிக்குள் கரியை ஊதிக்கொண்டிருந்த இபிடுனின் கையிலிருந்து இயா ரெமி அதைப் பிடுங்கினாள். பிடுங்கிய வேகத்தில் ஒரு கங்கு தெறித்துச் சிமெண்டுத் தரையில் விழுந்தது. இரண்டு பேரும் அது கறுத்துப்போகும்வரை பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"பெத்தவ கை படக் கூடாதுன்னு எத்தன தடவ சொல்றது?"

அப்படி ஒரு வழக்கம் எங்கே இருக்கிறது என்று இபிடுனுக்குத் தெரியவில்லை. இயா ரெமிக்கும் தெரியாதுதான். ஆனால் மூத்தாரின் மனைவி வாயிலிருந்து வந்துவிட்டால் அந்த வீட்டில் அது வழக்கம்.

"அவன் சட்ட கசங்கிக் கெடக்குக்கா."

"யாரு பாக்கப் போறாங்க? நீ அந்தப் பக்கம் போய் உக்காரு, இயா கொசோ..."

இயா ரெமி பாதியில் நிறுத்திக்கொண்டாள். பிள்ளை பிறந்த நாளிலிருந்து தெரு முழுக்க இபிடுனை இயா கொசோகோ என்றுதான் கூப்பிட்டது. கொசோகோவின் அம்மா. இனி என்னவென்று கூப்பிடுவது? இயா ரெமி சட்டையை எடுத்து உதறினாள். பிறகு இஸ்திரி போடுவதில் மும்முரமாகிவிட்டாள்.

கொசோகோ அன்று விடியற்காலையில் லாகோஸ் ஆஸ்பத்திரி ஒன்றில் இறந்துபோனான். பிறவியிலேயே ரத்தத்தில் கோளாறு. அதே கோளாறில் அவனுக்கு முன்னால் இரண்டு பிள்ளைகள் தவறியிருந்தார்கள். அதனால்தான் மூன்றாவதுக்கு அந்தப் பெயரை வைத்தார்கள். கொசோகோ என்றால் மண்வெட்டி இல்லை என்று அர்த்தம். குழி வெட்ட மண்வெட்டி இல்லை, ஆகவே நீ போகாதே என்று சாவிடம் ஒரு பொய். அந்தப் பொய்யை நம்பி அவன் இருபத்துநான்கு வருடம் இருந்தான். மூட்டுக்கு மூட்டு வலி வரும்போது கட்டிலின் இரும்பைக் கடிப்பான். வலி இறங்கியதும் எழுந்து உட்கார்ந்து ராப் எழுதுவான். பள்ளிக்கூடத்தில் பையன்கள் 'சிக்லர், சிக்லர்' என்று நோயைச் சொல்லிக் கேலி செய்தார்கள். அவன் அதையே எடுத்துத் தன் மேடைப் பெயராக வைத்துக்கொண்டான். இபிடுனுக்கு அந்தப் பெயர் வேப்பங்காய். "ஊரு துப்புனத நீ ஏன்டா சந்தனமாப் பூசிக்கிற?" என்று கேட்பாள். அவன் சிரிப்பான்.

பெற்றோர் இருக்கப் பிள்ளை போனால் அது துக்கச் சாவு. தெருக்கோடி வீட்டுத் தாத்தா தொண்ணூறு வயதில் போனபோது தெருவை மறித்துப் பந்தல் போட்டார்கள், எல்லோரும் ஒரே மாதிரித் துணி எடுத்தார்கள், மேளம் ராத்திரி முழுக்க ஓயவில்லை. இபிடுன் அண்டா அண்டாவாகப் பயறு அரைத்து அக்காரா சுட்டுப் போட்டாள். துக்கச் சாவுக்கு அதெல்லாம் இல்லை. மேளம் கூடாது, பாட்டு கூடாது, பந்தி கூடாது. பெற்றவர்கள் இடுகாட்டுக்குப் போகக் கூடாது. குழி எங்கே இருக்கிறது என்றுகூட அவர்களுக்குத் தெரியக் கூடாது.

இதையெல்லாம் கவனித்துக்கொள்ள மூத்தார் பாபா ரெமி வந்திருந்தார். துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். முத்திரை இல்லாத காகிதத்தைத் தொடாதவர், விதி இல்லாத சாவையும் தொடமாட்டார். அந்த வட்டாரத்தில் இடுகாடு இரண்டு. ஒன்று கால்வாயைத் தாண்டி, இன்னொன்று ரயில்பாதைக்குப் பின்னால். எதில் என்பதை அவர் குழி வெட்டப் போகிற பையன்களைத் தனியாகக் கூப்பிட்டுக் காதோடு சொல்லியிருந்தார்.

இபிடுனின் கணவர் லடிப்போ நடையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அச்சகத்தில் காகிதம் வெட்டுகிறவர். காலையிலிருந்து அவர் வாயைத் திறக்கவில்லை.

இபிடுனுக்கு ஒரே ஒரு எண்ணம்தான் நெஞ்சை அரித்தது. கொசோகோ எந்த ஆஸ்பத்திரிக்கும் தனியாகப் போனதில்லை. டாக்டர்கள் வேலைநிறுத்தம் செய்த போதும், ரத்தம் தேடி அலைந்த போதும், மின்சாரம் இல்லாத வார்டிலும், தரையில் ஒரு துணியை விரித்துக்கொண்டு அவள் பக்கத்தில் இருந்தாள். இப்போது அவன் தனியாகப் போகப் போகிறான். அவள் வாசற்படியைத் தாண்டக் கூடாது.

வெளியே கமோருவின் குரல் கேட்டது. கொசோகோவின் கூட்டாளி. பழைய மெத்தைகளைச் சுவரில் ஆணியடித்த ஒரு அறையில் இருவரும் பதிவு செய்வார்கள். தாளம் போடுவது கமோரு.

"வேன் வராது பாபா. ஓனர் ரெண்டு நாளா பங்க் வரிசையில நிக்கிறாராம். ஊர்லயே பெட்ரோல் இல்ல. நாங்க தோள்ல தூக்கிட்டுப் போறோம்."

"சரி. சத்தம் போடாமப் போங்க."

"ஒண்ணு கேக்கணும். ஸ்பீக்கர்ல அவன் பாட்டு ஒண்ணே ஒண்ணு..."

"துக்கச் சாவுடா! பாட்டா?"

"அவன் பாட்டுதானே பாபா."

"மொதல்ல அது பாட்டே இல்ல. உசுரோட இருக்கும்போதே நான் ஒத்துக்கல. ராகம் இருக்கா? ஒரு இழுப்பு இருக்கா? மூச்சு விடாம பேசுறான், அவ்வளவுதான். சந்தையில மீன் விக்கிறவகூட அப்படிப் பேசுவா."

கமோரு ஒரு அடி கிட்ட வந்தான்.

"வெறும் பேச்சுங்கிறீங்க."

"பேச்சேதான்."

"சரி பாபா. பெரியவங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கும்."

அவ்வளவு பணிவாக அவன் பேசி இபிடுன் கேட்டதில்லை. அப்போது வாசலில் எதிர்வீட்டு மெக்கானிக் வந்து நின்று, உதவுகிற ஆசையில், "இன்னொரு மண்வெட்டி வேணும்னா எங்கிட்ட இருக்கு!" என்று உரக்கச் சொன்னான். சொன்ன பிறகுதான் செத்தவனின் பெயர் அவனுக்கு நினைவு வந்தது. லடிப்போ மட்டும் நிமிர்ந்து அவனைப் பார்த்துத் தலையசைத்தார். கொடு என்பதுபோல.

கமோரு உள்ளே வந்து இபிடுனின் முன்னால் முழங்காலிட்டான்.

"போய்ட்டு வர்றோம் மம்மி."

"தல ஆடாமத் தூக்குங்க. ஆடுனா அவனுக்கு..."

"ஆடாது மம்மி."

பெண்கள் அவளை உள்ளறையில் கட்டிலில் உட்காரவைத்தார்கள். இயா ரெமி அவள் தோளில் கையைப் போட்டு அழுத்திப் பிடித்துக்கொண்டாள். வெளியே செருப்புச் சத்தம். பெட்டியின் ஒரு முனை கதவுநிலையில் இடித்தது. "மெதுவா, மெதுவா" என்று யாரோ சொன்னார்கள். பிறகு காலடிகள் தெருவில் இறங்கின. அழுகை இல்லை, குரல் இல்லை. பெட்ரோல் இல்லாததால் ஊரில் வண்டியும் இல்லை, ஜெனரேட்டரும் இல்லை. லாகோஸ் நகரம் இப்படி வாயடைத்துக் கிடந்து இபிடுன் கண்டதில்லை. தன் பிள்ளை ஒரு திருட்டுப் பொருள்போலப் போகிறானே என்று அவளுக்குத் தாங்க முடியாத ஆத்திரம் வந்தது.

காலடிகள் பேக்கரி முனைக்குப் போயிருக்கும். அப்போது ஒரு குரல், கமோருவின் குரல், ஓங்கிக் கேட்டது. பாடவில்லை. பேசியது.

"எண்ணெய் எங்க மண்ணுல!"

நாற்பது ஐம்பது பையன்கள் பதில் பேசினார்கள்.

"தண்ணி எங்க கண்ணுல!"

பாபா ரெமி வாசலுக்கு ஓடினார். "டேய்! நிறுத்துங்கடா! பாட்டுக் கூடாதுன்னு சொன்னேனா இல்லியா?"

தூரத்திலிருந்து கமோரு திரும்பிக் கத்தினான். "பாட்டு இல்ல பாபா! பேச்சுதான்! நீங்கதானே சொன்னீங்க!"

பாபா ரெமி வாசற்படியிலேயே நின்றுவிட்டார். விதி அவர் பக்கம் இல்லை. துக்கச் சாவில் பேசக் கூடாது என்று எந்தப் பெரியவரும் எந்தக் காலத்திலும் சொல்லிவைக்கவில்லை.

பெட்டி பேக்கரியைத் தாண்டியது. அதற்கு அப்பால் பங்க். பங்கிலிருந்து கிளம்பிய வரிசை எவ்வளவு தூரம் போகிறது என்று வரிசையில் நிற்பவர்களுக்கே தெரியாது. மஞ்சள் கேனை மடியில் வைத்துக்கொண்டு பெண்கள், பைக்கைத் தள்ளிக்கொண்டு ஆண்கள், சீருடையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள், காலி டாங்க்கின்மேல் தலைசாய்த்துத் தூங்குகிற பஸ் டிரைவர்கள். வரிசை பெட்டியைப் பார்த்தது. யார் என்று கேட்டிருப்பார்கள். சிக்லர் என்று சொல்லியிருப்பார்கள். அடுத்த வரியை வரிசை எடுத்துக்கொண்டது.

"தலைவருக்குத் தலவலி, ஏறுறாரு ப்ளேனு!
தாய்க்காரி வரிசையில ஏந்துறா கேனு!"

இபிடுன் எழுந்து நின்றுவிட்டாள். இயா ரெமியின் கை நழுவியது. ஐம்பது பேர் அல்ல, ஐந்நூறு பேர் அல்ல. கேன்களைத் தட்டுகிற சத்தம் டக் டக்கென்று வரிசையோடு ஓடியது. மிளகாய் விற்கிறவள் குரலும் கண்டக்டர் குரலும் அவளுக்குத் தனித்தனியாகத் தெரிந்தன. இந்த வரிகளை அவள் அடுப்படியில் கேட்டிருக்கிறாள். மாவு அரைக்கும்போது பின்னால் நின்று மெதுவாகச் சொல்லிப் பார்ப்பான். "உப்பு எடு" என்று இடையில் வேலை சொல்வாள். அந்தச் சின்னக் குரல் எப்போது வீட்டைவிட்டு வெளியே போனது, எப்போது இத்தனை வாய்களுக்குள் நுழைந்தது? அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. பயமாகக்கூட இருந்தது.

"ரத்தம் கேட்டு நான் போனா ஆஸ்பத்... திரி!
டாக்டரம்மா கையில ஒத்த மெழுகு... திரி!"

அவள் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

சொல் நடுவில் உடைந்தது. ஆஸ்பத் என்று நின்று, ஒரு மூச்சை உள்ளே இழுத்து, திரி என்று முடிந்தது. அது தாளத்துக்காக வைத்த இடைவெளி அல்ல. ஒரு முழு வரியைச் சொல்ல அவன் நெஞ்சில் காற்றுப் போதாது. அந்த இடத்தில் இழுத்துக்கொள்வான். அந்த இழுப்பை அவளுக்குத் தெரியும். கைக்குழந்தையிலிருந்து அவன் படுக்கையருகில் அது வருகிறதா, வருகிறதா என்று கேட்டுக்கொண்டே கிடந்தவள் அவள். இப்போது ரத்தத்தில் ஒரு குறையும் இல்லாதவர்கள், மூட்டை தூக்குகிறவர்கள், பந்து விளையாடுகிற பிள்ளைகள், எல்லோரும் சரியாக அதே இடத்தில் நிறுத்தி அவன் மூச்சை இழுத்தார்கள். தெரு முழுவதும் ஒரே நெஞ்சாக இழுத்து விட்டது.

"ஆஸ்பத்... திரி" என்று பின்னாலிருந்து யாரோ முணுமுணுத்தார்கள். திரும்பினாள். இயா ரெமி. அவள் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ரெமி எப்பப் பாத்தாலும் போட்டுக்கிட்டே இருப்பா. அதான் வாயில வந்துருச்சு."

இபிடுனுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததும் அழுகை வந்தது. அழுதுகொண்டே காதைத் தீட்டி வைத்துக்கொண்டாள். சத்தம் இப்போது பங்கைத் தாண்டி இடப்பக்கம் திரும்பியது. இடப்பக்கம் என்றால் தையல்காரர் கடை. பிறகு தண்ணீர்த் தொட்டி. பிறகு கால்வாய்ப் பாலம். அவளும் கூடவே போய்க்கொண்டிருந்தாள். ஒரு கால்கூட வாசற்படியைத் தாண்டவில்லை.

பாபா ரெமி அவள் முகத்தைப் பார்த்தார். அது எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது.

"சன்னலச் சாத்து!" என்று மனைவியிடம் கத்தினார். "பெத்தவளுக்குக் குழி தெரியக் கூடாது! அவ வயித்துக்கு ஆகாது!"

இயா ரெமி கண்ணாடிப் பட்டைகளை மூடினாள். சத்தம் குறையவில்லை. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? பாபா ரெமி கொல்லைப்பக்கம் போனார். ஆபத்துக்கென்று சேர்த்துவைத்திருந்த கேனிலிருந்த பெட்ரோலை ஜெனரேட்டரில் ஊற்றிக் கயிற்றை இழுத்தார். மூன்றாவது இழுப்பில் அது பிடித்துக்கொண்டு உறுமியது. சுவர் அதிர்ந்தது. உள்ளறையில் பல்பு எரிந்தது. அந்த வெளிச்சத்தில் எல்லோர் முகமும் தெரிந்தது. வேறு எதுவும் கேட்கவில்லை.

இபிடுன் சன்னலில் காதை வைத்தாள். உறுமல்தான். பாலம் வந்திருக்குமா? பாலத்தில் இடுக்கு உண்டு, பெட்டியைச் சாய்ப்பார்களே! மூச்சை அடக்கிக் கேட்டாள். இல்லை. அவன் அவளிடமிருந்து போய்விட்டான்.

நடையில் நாற்காலி நகர்கிற சத்தம். லடிப்போ எழுந்தார். அவசரப்படாமல் அண்ணனைத் தாண்டிக் கொல்லைக்குப் போனார். உறுமல் இருமிக்கொண்டு அடங்கியது. பல்பு அணைந்தது.

"எதுக்குடா அணைச்ச?" என்றார் பாபா ரெமி.

லடிப்போ கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார். விடிந்ததிலிருந்து அவர் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"பெட்ரோல் வீணாகுது அண்ணே."

அண்ணன் தம்பியைப் பார்த்தார். பிறகு தம்பி உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் போய் மெதுவாக உட்கார்ந்து தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

லடிப்போ உள்ளறைக்கு வந்து சன்னலின் கண்ணாடிப் பட்டைகளை ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டார். வெகு தூரத்தில், பாலத்துக்கு அந்தப் பக்கம், மெல்லிசாகச் சத்தம் கேட்டது. சொல் எதுவும் விளங்கவில்லை. நடுவில் உடைகிற இடம் மட்டும் விளங்கியது. அது இன்னும் கொஞ்ச தூரம் போனது. பிறகு ஓர் இடத்தில் நின்றது.

இரண்டு பேரும் அந்தத் திசையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.